உப்புக் கரிக்கும் விஸ்கி

நான் குடிப்பவன் இல்லை. நான் முன்பு எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு இது தெரியும். 34 வருஷம் உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பிரிவுபசார விருந்தில்கூட என் கையில் இருந்தது பன்னீர் சோடாதான். அப்படிப்பட்டவன் ஒரு விஸ்கியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விஷயம் விஸ்கி இல்லை, உப்பு. உப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

போன வருஷம் ஜூலையில் ஸ்காட்லாந்தில் மகள் வீட்டில் இருந்தேன். இன்வர்னெஸ் ஊர். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், கடலே தெரியாமல் வளர்ந்தவர். மனுஷனுக்கு விஸ்கியில் ஆசை. குடித்துக் கவிழ்கிற ஆசை இல்லை. தபால்தலை சேர்க்கிறவர்களைப் போல ஒரு ஆசை. சனிக்கிழமை ராத்திரி ஒரு சின்ன அளவு ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் முகர்ந்து பார்ப்பார். ஒருநாள், "மாமா, உப்புக் கரிக்கிற விஸ்கி ஒண்ணு இருக்கு. நீங்க உப்பு ஆபீசர். வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் ஆபீசர் இல்லை, வெறும் கெமிஸ்ட்தான் என்று சொன்னால் அவர் கேட்பதில்லை.

விக் என்ற ஊருக்குப் போனோம். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரில் இரண்டரை மணி நேரம். வலது கைப்பக்கம் பெரும்பாலும் கடல், இடது பக்கம் மேடும் புல்லும் ஆடும். ஜூலை மாசத்திலேயே காற்று சட்டைக்குள் புகுந்து குத்துகிறது. ஊருக்குள் எபினேசர் பிளேஸ் என்று ஒரு தெரு; அதன் நீளம் 2.06 மீட்டர், உலகத்திலேயே குட்டையான தெரு அதுதானாம். ஒரு கதவு இருக்கிறது, அவ்வளவுதான். மகள் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தாள். தெரு முழுக்க நானே இருந்தேன்.

முதலில் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஜான்ஸ்டன் என்ற குடும்பம் மூன்று தலைமுறையாக, 1863 முதல் 1975 வரை, அந்த ஊரில் எடுத்த புகைப்படங்கள் அங்கே இருக்கின்றன. விஸ்கிக்காகப் போனவன் இதிலேயே நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் விக் துறைமுகம் ஹெர்ரிங் மீனுக்குப் பேர் போனது. நம்ம ஊர் மத்தி இனம். பருவத்தில் ஆயிரத்துக்கும் மேல் படகுகள். படத்தில் தண்ணீரே தெரியவில்லை, பாய்மரம்தான் தெரிகிறது. கரையில் பீப்பாய்கள் மலைபோல. மீன் வந்ததும் குடலை எடுத்து, உப்புப் போட்டு, பீப்பாயில் அடுக்கி, ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். குடல் எடுத்தது, அடுக்கியது எல்லாம் பெண்கள். மூன்று மூன்று பேராகச் சேர்ந்த கூட்டு. இரண்டு பேர் வெட்ட, ஒருத்தி அடுக்க. ஒரு மீனுக்கு ஒன்றிரண்டு நொடிதான்.

அந்தப் பெண்களின் விரல்களைப் பாருங்கள் என்றாள் மகள். ஒவ்வொரு விரலிலும் கிழிந்த துணி சுற்றியிருந்தது. கத்தி பட்டால் காயம். காயத்தில் உப்புப் பட்டால் அது ஆறாது. அதற்காகத்தான் துணி.

எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரியவர். அம்மா அந்த உப்பை ஓலைப் பெட்டியில் தலையில் சுமந்து கரையில் குவித்தவள். அப்பாவின் குதிகாலில் இருந்த வெடிப்பில் அஞ்சு பைசாக் காசைச் செருகலாம். ராத்திரி அம்மா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி அதில் விடுவாள். எனக்கு அந்தப் படங்களில் முகம் எதுவும் அன்னியமாக இல்லை, தொப்பியும் கம்பளியும்தான் புதுசு.

அங்கிருந்து வடிசாலை நடக்கிற தூரம். ஓல்டு புல்ட்னி என்பது விஸ்கியின் பெயர். மீனவர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் டெல்ஃபோர்டு என்ற எஞ்சினியர் திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்புக்கு, சர் வில்லியம் புல்ட்னி என்பவரின் பெயரை வைத்தார்கள். அந்தக் குடியிருப்புக்குள்ளேயே 1826-ல் ஜேம்ஸ் ஹெண்டர்சன் வடிசாலையைத் தொடங்கினார். தண்ணீர் ஹெம்ப்ரிக்ஸ் ஏரியிலிருந்து, டெல்ஃபோர்டு வெட்டிய வாய்க்கால் வழியாக வருகிறது. இந்த மாதிரி சங்கதிகளை அந்த ஊர்க்காரர்கள் சொந்தத் தாத்தா கதை மாதிரி சொல்கிறார்கள்.

உள்ளே பெரிய செம்பு வாலைகள். முதல் வாலைக்குக் கழுத்து இல்லை. தலை தட்டையாக இருக்கிறது. செய்து கொண்டுவந்தபோது கூரைக்குள் அடங்கவில்லை, அதனால் கழுத்தை வெட்டிவிட்டார்கள் என்று கதை சொல்கிறார்கள். நிஜமோ பொய்யோ, பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. மேலே போகிற ஆவி ஒரு நீளமான சுருள் குழாய்க்குள் இறங்குகிறது. சுருள் குழாய் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிக் கிடக்கிறது. ஆவி குளிர்ந்து திரவமாகச் சொட்டுகிறது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் முப்பது வருஷமாகச் செய்ததற்கு நேர் எதிர் வேலை இது. உப்பளத்தில் தெப்பத்தில் தண்ணீரைத் தேக்கி, பாத்தி பாத்தியாகக் கடத்தி, வெயிலில் சுண்ட விடுவோம். ஆவியானது போகட்டும், மிச்சம் இருப்பது வேண்டும். 25 டிகிரி பாமே வந்தால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தொட்டால் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். இங்கே தலைகீழ். ஆவி வேண்டும், மிச்சம் வேண்டாம். அப்படியென்றால் உப்பு எந்தப் பக்கம் நிற்கும்? எங்கள் பக்கம்தான். சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். உப்பு உருகுவதற்கே 801 டிகிரி வேண்டும். வாலைக்குள் ஒரு மூட்டை உப்பைக் கொட்டினாலும் சுருள் குழாய்க்குள் ஒரு பருக்கை ஏறாது.

இதை நான் கூட்டிப்போன பெண்ணிடம் சொன்னேன். அவள் அசரவில்லை. விஸ்கி பன்னிரண்டு வருஷம் ஓக் பீப்பாயில் கிடக்கிறது, பீப்பாய் மூச்சு விடுகிறது, கடல் காற்று உள்ளே போகிறது என்றாள். வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போவதாகச் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே போகிற மூச்சு தெரிகிறது. உள்ளே வருகிற உப்பு? நாக்குக்கு உப்பு உப்பாகத் தெரிய ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவிலாவது இருக்க வேண்டும். ஒரு அங்குலக் கெட்டி மரத்தைத் தாண்டி அவ்வளவு உப்புத் துகள் வர வேண்டுமென்றால் அந்தக் கிட்டங்கி கடலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்லவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் அளவோடு பேச வேண்டும்.

பிறகு ஊற்றினார்கள். மாப்பிள்ளை வண்டி ஓட்டவேண்டும். அந்த நாட்டுச் சட்டம் இங்கிலாந்தைவிடக் கடுமை, அதனால் அவர் பங்கைச் சின்னக் குப்பியில் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். மகள் குடிப்பதில்லை. ஆக, கண்ணாடியோடு நின்றது நான் ஒருத்தன்தான். தாமரை மொட்டுப் போலக் குவிந்த சின்னக் கண்ணாடி. தேன் நிறம்.

சாராயம் என்றால் எனக்கு ஒரே ஒரு வாசனைதான் தெரியும். நான் பிறந்தது 1956. எங்கள் மாநிலத்தில் 1948 முதல் 1971 வரை முழு மதுவிலக்கு. காகிதத்தில் அப்படி. உப்பளத்துக்கு அந்தாண்டை உடங்காட்டுக்குள் காய்ச்சுவார்கள். அப்பா சனிக்கிழமை கூலி வாங்கினால் அங்கே போய்விட்டு வருவார். வரவில்லையென்றால் அக்கா போவாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. என்னை ஏன் அனுப்பவில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். நீ ஆம்பளைப் பிள்ளை, அந்த வாசனை உனக்குப் பழகிவிடும் என்றாள். பழகவில்லை. அந்தப் புளிப்பு வாசனை வந்தால் இன்றைக்கும் என் வயிற்றைப் புரட்டும். கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோகும்போது அதைத்தான் எதிர்பார்த்து மூச்சை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அது வரவில்லை. முதலில் பச்சை ஆப்பிள், பிறகு தேன் மாதிரி ஒன்று. கொஞ்சம் பொறுத்தால் வேறொன்று, இனிப்பில் சேராதது. குழம்பு வற்றும்போது சட்டி ஓரத்தில் எழுமே, அந்த மாதிரி ஒரு கனமான மணம். வாயில் விட்டதும் காரமாகச் சுட்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார்கள், விட்டதும் அடங்கிற்று. நடுநாக்கில் தித்திப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் இரண்டு பக்க ஓரத்திலும் கரித்தது. சந்தேகமே இல்லை. உப்பு. கடற்கரையில் நடந்துவிட்டு உதட்டை நக்கினால் தெரிகிற அதே உப்பு.

எனக்குக் கோபமே வந்தது. இருக்க முடியாத பொருள் இருக்கிறதென்று என் சொந்த நாக்கே சாட்சி சொன்னால் என்ன செய்வது? அதுவும் ரத்தக் கொதிப்புக்காகப் பத்து வருஷமாக உப்பைக் குறைத்து, அந்த விஷயத்தில் கூர்மையாகிப் போன நாக்கு.

புகை என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஐலா தீவு விஸ்கிகளில் ஆஸ்பத்திரி வாசனையும் பாசி வாசனையும் வரும். அது பார்லியைக் காயவைக்க எரிக்கும் பீட் என்ற மக்கிய சதுப்பு மண்ணின் புகை, அதிலுள்ள ஃபீனால் வகைகள். இந்தப் பன்னிரண்டு வருஷ ஓல்டு புல்ட்னியில் புகையே கிடையாது. குழம்பு மணத்துக்கு மட்டும் எனக்கு விடை கிடைத்தது. அந்தச் சுருள் குழாயில் ஆவி சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, செம்போடு உரசுகிற நேரம் குறைவு. செம்புதான் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிக்க நேரமில்லாததால் கொஞ்சம் தப்பித்து வருகிறது. வெங்காயம், இறைச்சி, முட்டை இவற்றின் மணமெல்லாம் கந்தகத்தின் வேலைதானே. அது சரி. உப்பு?

கிளம்பும் முன் ஒரு தகவல் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் நான் ஒரு புட்டி வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். 1913-இல் வந்த ஒரு சட்டத்தின்படி அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஊரும் வாக்களித்து மதுக்கடைகளை மூடிக்கொள்ள முடிந்தது. விக் மூடிக்கொண்டது. 1925 முதல் 1947 வரை, இருபத்திரண்டு வருஷம். 1918-க்குப் பிறகு பெண்களுக்கும் வாக்கு வந்துவிட்டது. துணி சுற்றிய விரலால் சீட்டுப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், தடை விற்பதற்குத்தான், காய்ச்சுவதற்கு இல்லை. ஊர் நடுவில் வாலை எரிந்துகொண்டிருந்தது; ஊருக்குள் ஒரு கடையில் ஒரு சொட்டு வாங்க முடியாது. 1930-ல் வியாபாரம் படுத்து வடிசாலையும் மூடி, 1951-ல்தான் திரும்பத் திறந்தார்கள்.

மதுவிலக்கால் என்ன பிரயோசனம் என்று நம்மூரில் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியிலும் உண்டு. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மதுவிலக்கு இருந்தபோதுதான் அப்பா குடித்தார். அது எடுத்த பிறகு கடையிலேயே போய்க் குடித்தார். 1973-ல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அம்மாவின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்திருந்தால் எதில் குத்தியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ராத்திரி இன்வர்னெஸ் வந்ததும் ஒரு பரீட்சை வைத்தோம். யோசனை என்னுடையது. மகள் மூன்று கண்ணாடியில் ஊற்றி, எது எது என்று ஒரு காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். ஒன்று விக் ஊரது. இன்னொன்று ஸ்கை தீவின் டாலிஸ்கர், 1830-ல் தொடங்கிய வடிசாலை, கடல் அலை வாசற்படியில் அடிக்கிற இடம். மூன்றாவது டஃப்டவுனில் காய்ச்சும் கிளென்ஃபிடிக், அது உள்நாடு. மாப்பிள்ளை டாலிஸ்கரை உடனே பிடித்துவிட்டார். அதில் புகையும் மிளகுக் காரமும் உண்டு, யாரும் பிடித்துவிடலாம். மற்ற இரண்டில் தடுமாறி, உள்நாட்டு விஸ்கியைக் காட்டி, "இதுல கடல் இருக்கு மாமா, கண்டிப்பா இதுதான் விக்" என்றார். புட்டியின் மேல் படகுப் படம் இல்லாவிட்டால் கடலும் இல்லை என்று மகள் சிரித்தாள்.

என் முறை வந்தது. மூன்றையும் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். "அப்பா, எதுல உப்பு?" என்றாள்.

மூன்றிலும் இருந்தது.

மாப்பிள்ளை வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்து மணிக்கும் வெளிச்சமாக இருக்கிற ஊர், அதுவும் ஒரு காரணம். அப்பாவின் சட்டை ஞாபகத்துக்கு வந்தது. சனிக்கிழமை ராத்திரி அவர் வந்து விழுந்ததும் அக்கா சட்டையைக் கழற்றுவாள். முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோலம். காலர் பக்கம் சாராயம். அதை ஊறப்போடும் வேலை என்னுடையது. எட்டு வயசு முதல் நான் தூக்கிய சாராய வாசனை எல்லாமே உப்பு ஏறிய துணியோடுதான் வந்தது. விக் ஊர்க்காரனுக்கு அந்த விஸ்கியில் அவன் துறைமுகம் கரிக்கிறது. எனக்கு எந்த ஊரில் காய்ச்சியதாக இருந்தாலும் கரிக்கத்தான் செய்யும்.

இது ஊகம். கெமிஸ்ட் ஊகத்தோடு நிற்கக் கூடாது. ஊருக்கு வந்ததும், என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் நடத்துகிற தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் புட்டியோடு போனேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. 50 மில்லியைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்த் தொட்டிமேல் வைத்து முழுக்கச் சுண்ட விட்டோம். குளோரைடு பார்க்க நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட வேண்டும். அந்த இரண்டும் இருக்கிற இடத்தில் சாராயம் இருக்கக் கூடாது, சூடு கீடு பட்டால் வெடிக்கிற சரக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் அடியில் பழுப்பாக ஒரு வளையம் மிஞ்சியது. அடியில் எங்காவது சதுரமாக ஒரு படிகம் மின்னுகிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மரம். கொஞ்சம் கசப்பு. கரிப்பு துளியும் இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்துச் சோதித்தபோது கண்ணாடிக் குழாய் லேசாக மங்கியது, அவ்வளவே. பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தோம். பால் மாதிரி வெளுத்துவிட்டது. தூத்துக்குடித் தண்ணீரா கொக்கா!

மிச்சப் புட்டி வீட்டு அலமாரியில் இருந்தது. ஆவணி மாசம் அக்கா வந்தாள். அவளுக்கு இப்போது வயது 74. மருந்து தேடி அலமாரியைத் திறந்தவள் புட்டியோடு திரும்பினாள். முகம் மாறிவிட்டது.

"ஏலே, என்னல இது?"

சொன்னேன். விக், வாலை, பரீட்சை, கிண்ணம் எல்லாம் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு மூடியைத் திறக்கச் சொன்னாள். நான் தயங்கினேன். திறடா என்றாள். மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து முகர்ந்தாள், அடுப்பில் பால் திரிந்ததா என்று பார்க்கிற மாதிரி. திரும்பவும் கிட்டக் கொண்டுவந்து முகர்ந்தாள்.

"இது அப்பா வாசனை இல்லல. அவருது புளிச்சு நாறும்" என்றாள்.

"உப்பு வாசனை வருதாக்கா?"

"ஒரு மண்ணும் வரல. பழம் மாதிரி வருது." கொஞ்ச நேரம் புட்டியையே பார்த்தாள். "என்ன விலை?"

ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் என்றேன். அக்கா உதட்டை மடித்துக் கணக்குப் போட்டாள். அம்மாவுக்கு அப்போது நாள் கூலி ஒன்றரை ரூபாய். அவள் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி, ஆனால் கணக்கில் என்னைவிடக் கெட்டி.

"ஏழு வருஷத்துக்கு மேல வருதே, ஒரு நாள்கூட லீவு எடுக்காம" என்று சொல்லிவிட்டு மூடியை இறுக்கித் திருகினாள். புட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்தால் கொடுத்துவிடு என்று சொல்லி, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்தட்டில், அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கப் போனவள் யோசித்து, விளக்கை மட்டும் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள்.